சிவமலர் உட்கார்ந்த கல்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. சில மேலே ஏறிவிடுகின்றன, சில கீழே இறங்கிவிடுகின்றன. ஆயுள் முழுக்க மண்வெட்டி பிடித்த கை இது. பேனாவையும் அதே பலத்தோடு பிடிப்பதால் இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. இதைப் பார்த்து அச்சுக் கோக்கிறவர்களுக்குச் சிரமம்தான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரையாவது எழுதவைத்திருக்கலாம். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. போன வருஷம்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவது இதுதான் முதல் தடவை. சாவைப் பற்றி எழுதுகிறபோதும் கைக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. சிவமலருக்கும் மறைப்பது பிடிக்காது.

செய்தி வந்தபோது வாசலில் உட்கார்ந்து வகுப்பில் கொடுத்த பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியமேரி போன் செய்தாள். கும்மிடிப்பூண்டியில் எங்களோடு வேலைக்கு நின்ற சித்தாள் அவள்.

"அண்ணே, நம்ம சிவமலர் அக்கா பூட்ச்சு."

"இன்னாடி சொல்ற?"

"காலீல டீ போட்டுக்கினு இருந்துச்சாம். நெஞ்சு ஒரு மாதிரி கீதுன்னு குந்துச்சாம். குந்தினபடியே பூட்ச்சுண்ணே."

எனக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே மனம் நின்றது. "குந்துச்சா?" என்று மறுபடியும் கேட்டேன். மேரிக்கும் புரிந்துவிட்டது. போனில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்தோடு எல்லாம் முடிந்துவிடும். சிவமலரின் இலங்கைப் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். சிவமலரின் மகள் தர்சினி வீட்டுக்கு வந்து, "மாமா, அம்மாவைப் பற்றி நீங்களும் ஒண்டு எழுதித் தாங்கோ" என்றாள். எழுதத் தெரிந்த அகதி முகாம்காரர்கள் அத்தனை பேர் இருக்க என்னைக் கேட்டாள். உடனே ஒத்துக்கொண்டேன்.

அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி பைபாஸ் மேம்பாலத்துக்குக் கீழே விடியற்காலையில் ஆட்கள் நிற்போம். மேஸ்திரிகள் வந்து அன்றைய வேலைக்கு ஆள் பேசிக் கூட்டிப்போவார்கள். தொழிற்பேட்டைக்குள் கட்டுகிற கம்பெனிகள், கிடங்குகள், அத்திப்பட்டு மின்நிலையப் பக்கம் நடக்கிற வேலைகள் எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் ஆள் போகும். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் வேலை செய்தார். நானும் செய்தேன். அந்த வயல்கள் கம்பெனியாக மாறியபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஏனென்றால் ஒரு காணியும் எங்களுடையது இல்லை. பாலத்தடிக்கு வந்தேன். அங்கே யார் என்னைக் கூப்பிட்டாலும் போகலாம், பிடிக்காவிட்டால் போகாமலும் இருக்கலாம்.

சாக்கடை மேல் போட்ட நீளக் கல் ஒன்று அங்கே இருக்கிறது. நிற்கிற ஆள் என்றால் வேலைக்கு ஆள் என்று அர்த்தம். மேஸ்திரி கூலி பேசி முடித்துவிட்டால், வண்டி வரும்வரை அந்தக் கல்லில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கிற ஆளை வேறு மேஸ்திரி கூப்பிடக் கூடாது. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

இலங்கையில் சண்டை முடிந்த காலத்தில் சிவமலர் படகில் வந்தவர். ஊர் முல்லைத்தீவுப் பக்கம். கணவர் வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. மகளோடு கும்மிடிப்பூண்டி முகாமுக்கு அனுப்பப்பட்டார். வந்ததும் கம்பெனி கம்பெனியாக வேலை தேடினார். வாசலில் காவல்காரர்கள் அட்டை கேட்பார்கள். இவரிடம் முகாம் அட்டை மட்டும்தான். "அப்பறம் பாக்கலாம்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். சிவமலர் நகரமாட்டாராம்.

"இல்லை எண்டால் இல்லை எண்டு சொல்லுங்கோ. அப்புறம் எண்டு சொன்னால் நான் நாளைக்கும் வருவன். பிறகு நீங்கள்தான் ஒளிக்க வேண்டி வரும்."

அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நாள் நிஜமாகவே போய் நிற்பார். ஒரு காவல்காரர் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே கையை ஆட்டி, "இல்லம்மா, இல்லவே இல்ல, மேனேஜரைக் கேட்டுட்டுத்தான் சொல்றேன், இல்ல!" என்று கத்தினாராம். "அந்த ஒரு மனுசன்தான் எனக்கு மரியாதை தந்தவர்" என்று சிவமலர் எங்களிடம் சொல்லுவார்.

கடைசியில் பாலத்தடிக்கு வந்தார். தேய்த்த சேலை, தோளில் கைப்பை, கையில் குடை. வந்தவர் நேராகப் போய்க் கல்லில் உட்கார்ந்தார். அன்று யாரும் கூப்பிடவில்லை. மறுநாளும் வந்தார், உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க இதேதான். மேஸ்திரிகள் இவர் பக்கமே திரும்பவில்லை. எங்களுக்குள்ளே பேச்சு வந்தது. கூலி விஷயமாகக் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்றான் ஒருவன். பைக்குள் கேமரா இருக்கிறது என்றாள் ஆரோக்கியமேரி. அதற்குப் பிறகு அவள் சீவிச் சிங்காரித்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கேட்டேன்.

"இன்னாம்மா, டெய்லி வந்து குந்திக்கினு கீறே. எந்த மேஸ்திரி உன்னப் பேசிக்கினாரு?"

"என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை அண்ணை. நானும் ஆராவது வருவினம் எண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"அப்ப ஏம்மா குந்தின?"

"கால் நோகுது. கல்லு சும்மா கிடக்குது. இருந்தன்."

அவர்கள் பேச்சில் இருப்பது என்றால் உட்காருவது. வழக்கத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "கிழமை முழுக்க ஒரு மனுசி பிழையா இருக்கிறாள். அத்தனை பேரும் பாத்துக்கொண்டு நிக்கிறியள். இதை ஒரு பலகையில எழுதிப் போட்டால் என்ன?"

"எழுதிப் போட்டா மட்டும்? எங்கள்ல யாருக்கும்மா படிக்கத் தெரியும்?" என்றேன்.

அதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. கோபமும் அதில்தான் இருந்தது. குடையையும் பையையும் மேரியிடம் கொடுத்துவிட்டு எங்கள் வரிசையில் வந்து நின்றார்.

நின்றதும் வேலை கிடைத்துவிடவில்லை. முதல் மேஸ்திரி எந்த ஊர் என்று கேட்டார். இவர் முல்லைத்தீவு என்றார். "கேரளாவா?" என்றார் மேஸ்திரி. அருகில் நின்ற மேரி இவரை இடித்து, "அக்கா, தூத்துக்குடின்னு சொல்லு. கேம்புன்னு சொன்னா இட்டுக்கினு போ மாட்டாங்க" என்றாள். அது உண்மைதான். முகாம்காரர்கள் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் முகாமிலேயே இருந்து அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும். அன்று எந்த வேலை பாதியில் நின்றாலும் அவர்கள் வர முடியாது. அதனால் மேஸ்திரிகள் அவர்களைத் தவிர்ப்பார்கள். முகாம் ஆண்கள் பலர் ஊரை மாற்றிச் சொல்லிவிட்டு, அந்த நாளில் காய்ச்சல் என்பார்கள். சிவமலர் மேரியின் கையைத் தள்ளிவிட்டார்.

"கேரளா இல்லை ஐயா, இலங்கை. முகாமில இருக்கிறன். கையெழுத்து நாளில வரமாட்டன். மற்ற நாள் எல்லாம் வருவன். வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்றார் அவர். அடுத்தவரும் வேண்டாம் என்றார். "பாத்தியா?" என்றாள் மேரி. சிவமலர், "பாத்தன். ரெண்டு பேரும் தெளிவாச் சொல்லிப்போட்டினம். கம்பெனி வாசலை விட இஞ்ச முன்னேற்றம்தான்" என்றார்.

கடைசியில் ஏகாம்பரம் மேஸ்திரிதான் ஓர் ஆள் குறைகிறதே என்று ஏற்றிக்கொண்டார். வேலை தெரியாது. முதல் நாள் தலையில் வைத்த கலவைச் சட்டியை இரண்டு தடவை கொட்டிவிட்டார். மேஸ்திரி திட்டத் திட்ட, தரையில் விழுந்ததைக் கையாலேயே அள்ளிப்போட்டார். அடுத்த மாதம் சாரத்தில் ஏறி இறங்கும்போது சட்டியில் கையே வைப்பதில்லை. அவரைப் பார்த்து முகாமிலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ஊரை மாற்றாமல் சொன்னார்கள். அவரைச் 'சிலோன்காரம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த எங்களையும் திருத்தினார். "எனக்குப் பேர் இருக்குது. சிவமலர். நான் உங்களை இந்தியாக்காரர் எண்டா கூப்பிடுறன்?"

இனி அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஏகாம்பரம் ஒரு பெரிய கிடங்கில் தளம் போடும் வேலை எடுத்திருந்தார். மாதக்கணக்கில் ஓடும் வேலை. சிவமலருக்கு அது தேவை. பத்தாவது படித்துக்கொண்டிருந்த தர்சினியை மேலே படிக்கவைக்க அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார். ஆனால் முந்தின வாரம் கையெழுத்து நாள் வந்ததில் ஆள் குறைந்து ஏகாம்பரத்தின் வேலை ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. அந்தக் கோபத்தோடு குட்டியானை வண்டிகளில் வந்து இறங்கினார்.

"கேம்ப் ஆளுங்க வேணாம். மத்தவங்கல்லாம் ஏறுங்க. சீக்கிரம், சீக்கிரம்!"

முகாம் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வண்டியில் ஏறக் கால் முன்னே போய்விட்டது. வீட்டில் அரிசி இல்லை. மேரியும் ஒரு காலைத் தூக்கிவிட்டாள். சிவமலர் மேஸ்திரியிடம் கெஞ்சவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. மெதுவாக நடந்துபோய் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு சாலையைப் பார்த்தார், வந்த புதிதில் உட்கார்ந்திருந்த மாதிரியே.

முகாம் பெண்களும் போய் உட்கார்ந்தார்கள். மேரி தூக்கிய காலைக் கீழே வைத்தாள். "அடப் போய்யா" என்று சொல்லிவிட்டுப் போய் சிவமலரை ஒட்டி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் நிற்க முடியுமா? நானும் போனேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். கல்லில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தது ஏகாம்பரம் மட்டும்தான்.

"இன்னாயா இது? யாரு பேசிக்கினது உங்கள? எந்த மேஸ்திரி? சொல்லுங்கயா!"

"ஒரு மேஸ்திரியும் இல்லை" என்றார் சிவமலர். "நாங்களே எங்களைப் பேசிக்கொண்டம்."

பக்கத்துக் கடைக்குள் உட்கார்ந்திருந்த டீக்கடைக்காரர் வாயிலிருந்த டீ வெளியே வந்துவிட்டது.

"ஏம்மா, பேஜாரு பண்ணாத. கலவை லாரி கெளம்பிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல அங்க வந்து நிக்கும்."

அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. கலவை காத்திருக்காது, லாரிக்குள்ளேயே இறுகிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டோம். ஏகாம்பரம் போனை எடுத்தார், வைத்தார். வேறு இடத்தில் ஆள் பிடிக்க நேரமில்லை. அவர் கெட்டவர் இல்லை என்றும் எழுத வேண்டும். அவருக்கு மேலே ஒரு காண்டிராக்டர், அவருக்கு மேலே ஒரு கம்பெனி. ஆனால் அன்று எங்களுக்கு அவர்தான் எதிரில் நின்றார்.

"சரி. ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க."

மேரி எழப் பார்த்தாள். சிவமலர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"எல்லாரும் எண்டால்?"

"கேம்ப் ஆளுங்களும் தாம்மா."

"கையெழுத்து நாள்?"

"லீவு எடுத்துக்கோங்க."

"அண்டைக்குக் கையெழுத்துக்குப் போனால் அடுத்த நாள் வேலை இருக்குமா? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்க வேணும்."

"இருக்கும், இருக்கும்!" என்று ஏகாம்பரம் கத்தியது மேம்பாலத்தில் எதிரொலித்தது. அப்போதுதான் சிவமலர் எழுந்தார். அன்று தளம் போட்டபோது எனக்குக் கை வலிக்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவரிடம், "நாங்க ஏறிக்கினு போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டேன். "இருந்திருப்பன்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்த வேலை கடைசிவரை எங்களுக்கு ஓடியது. தர்சினி மேலே படித்தாள். இப்போது திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். வேலைக்குப் போனபோது எந்த ஊர் என்று கேட்டார்களாம். முகாம் என்று சொல்லிவிட்டு, வேணுமா வேண்டாமா என்று கேட்டாளாம். அம்மாவின் மகள்தான்.

இன்னொரு காலையையும் நான் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்குப் பின் ஒடிசாவிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குறைந்த கூலிக்கு வந்தார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஆத்திரம். ஒருநாள் பிரமோத் என்பவனும் அவன் மனைவியும் பாலத்தடிக்கு வந்து நேராகப் போய்க் கல்லில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் பார்த்துச் சிரித்தோம். சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் கண் ஜாடை. சிவமலர் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பாஷை தெரியாது. கல்லைக் காட்டித் தலையை ஆட்டினார். வரிசையைக் காட்டி, தன் பக்கத்திலேயே நிற்கவைத்தார். எங்கள் கூலிக்குக் குறைத்துக் கேட்கக் கூடாது என்பதையும் விரலாலேயே சொல்லிக்கொடுத்தார்.

"இன்னாக்கா, நீயே அவங்களுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தா நம்ம கதி?" என்றான் ஒருவன்.

"நான் வந்த அண்டைக்கும் இப்பிடித்தானே எல்லாரும் கதைச்சிருப்பியள்?"

"சேச்சே" என்றேன் நான். "உன்ன அதிகாரின்னு நெனச்சோம்."

அவர் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து யார் புதிதாக வந்து அந்தக் கல்லில் உட்கார்ந்தாலும் முதலில் போய் எழுப்புகிறவர் அவர்தான்.

நான் படிக்கப் போனதற்கும் அவரே காரணம். வேலை முடிந்து திரும்பும்போது ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போர்டு என்ன என்று அவரைக் கேட்பேன். ஒருநாள், "அண்ணை, எனக்கு அலுத்துப்போச்சு. இனி நீங்களா வாசியுங்கோ, இல்லாட்டி நடவுங்கோ" என்றார். வகுப்பில் சேர்ந்த பிறகு, வேப்பம்பட்டில் என் பேத்தி வீட்டுக்கு நான் முதல் தடவை யாரையும் கேட்காமல் போய் இறங்கினேன். உடனே அவருக்குப் போன் செய்தேன். "ஓம், சரி. அதுக்கு ஏன் கத்துறியள்?" என்றார். ஆனால் அன்று மாலையே முகாம் முழுக்க அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தார்.

அவரை எடுத்துப்போன காலையில் வண்டி பாலத்தடி வழியாக வந்தது. ஆட்கள் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அவரோடு வேலை செய்யாத புதியவர்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பிரமோத்தின் மனைவிதான் முதலில் உட்கார்ந்தாள். பிறகு மேரி. பிறகு எல்லோரும், கல்லிலும் தரையிலும். ஆள் தேடி வந்த ஒரு புது மேஸ்திரி விழித்துக்கொண்டு நின்றார். "யாருயா இவங்கள மொத்தமா பேசிக்கினது?" என்றார். பிரமோத் வண்டியைக் காட்டி, தன் தமிழில் சொன்னான்: "அக்கா பேசியாச்சு."

மேரி போனில் சொன்னது அப்போது எனக்கு முழுசாகப் புரிந்தது. சிவமலர் உட்கார்ந்தபடியே போனார் என்றால், யாரோ அவரைப் பேசி முடித்துவிட்டார்கள். அப்படிப் பேசிய மேஸ்திரி யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கையெழுத்து நாளைப் பற்றிச் சொல்லாமல் சிவமலர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். இத்தனை வருஷம் இருந்தும் இந்த நாட்டின் அட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசி மாதம்வரை கையெழுத்துப் போட்டார். அதையும் ஒருநாளும் ஒளித்ததில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டு. கைக்கு ஒரு பேனா. வாய்க்கு, 'வேணுமா, வேண்டாமா' என்று நேராகக் கேட்கிற தைரியம். போன வாரம் முதியோர் பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அப்பறம் வா பெரியவரே" என்றார்கள். "இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க" என்றேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கை வலிக்கிறது, தாளும் முடிகிறது. ஆனால் நான் எழுதி முடிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எழுதுவேன், தாளில் இல்லை. தளம் போடப் பயன்பட்ட பலகை ஒன்று என் வீட்டில் இருக்கிறது. முகாம் பிள்ளைகள் பெயிண்ட் தருகிறேன் என்றிருக்கிறார்கள். பாலத்தடியில் கல்லுக்கு மேலே மாட்டப்போகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கீழே பாதி இடத்தைக் காலியாக விடுவேன். பிரமோத் தன் எழுத்தில் எழுதிக்கொள்வான். என் பாதியில் வரப்போவது இதுதான்:

நிற்பவர் வேலை தேடுகிறார். உட்கார்ந்தவரைப் பேசியாயிற்று. மேஸ்திரிமாரே, இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள்.